தனியாகப் போனால் தோற்கும் கார்

1985 மே 5. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் டாலடேகா ஓடுதளத்தில் பில் எலியட்டின் கார் புகை கக்கத் தொடங்கியது. எண்ணெய் போகும் வழியில் ஓர் இணைப்பு பழுதாகிவிட்டது. பழுதுபார்க்கும் பிட் பாதைக்குள் வந்து அதைச் சரிசெய்துகொண்டு அவர் திரும்பியபோது, முன்னணிக் கார்கள் ஏறக்குறைய இரண்டு சுற்று தள்ளிப் போயிருந்தன. டாலடேகாவில் ஒரு சுற்று 4.28 கிலோமீட்டர். இப்படிப் பின்தங்கியவர்கள் எங்காவது ஒரு விபத்து நடந்து மஞ்சள் கொடி காட்டப்படாதா என்று காத்திருப்பதுதான் வழக்கம். எல்லாரும் வேகத்தைக் குறைக்கும்போது இடைவெளி தானாகச் சுருங்கும். எலியட் மஞ்சள் கொடிக்குக் காத்திருக்கவில்லை. முழுவேகத்தில் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து, இழந்த இரண்டு சுற்றையும் மீட்டார். பிறகு பந்தயத்தையும் வென்றார்.

இன்று அதே தளத்தில் யாராலும் இதைச் செய்ய முடியாது. இரண்டு சுற்று வேண்டாம், கூட்டத்தை விட்டு நூறு மீட்டர் பின்தங்கினாலே போதும். தனியாக விரட்டிப் பிடிக்க முடியாது. கால் பலகையோடு ஒட்ட ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தாலும் கூட்டம் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த ஓட்டுநருக்கு இன்னொரு கார் தேவை. அது போட்டி அணியின் காராக இருந்தாலும் சரி, போன வாரம் தன்னைச் சுவரில் இடித்தவரின் காராக இருந்தாலும் சரி.

ஓட்டுநர்களின் திறமை இந்த நாற்பது ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. நடுவில் வந்து சேர்ந்தது கையகல அலுமினியத் தகடு ஒன்றுதான். அது வந்த பிறகு இந்தப் பந்தயத்தில் எஞ்சினைவிடக் காற்றே பெரிய ஆளாகிவிட்டது. நான் பார்த்தவரையில், பாய்ம இயக்கவியல் என்ற துறையை இவ்வளவு பச்சையாக, இவ்வளவு பேர் கண் முன்னால் நடத்திக் காட்டும் விளையாட்டு வேறில்லை.

'ஸ்டாக் கார்' என்றால் கடையில் இருப்பில் உள்ள கார் என்று பொருள். ஷோரூமில் வாங்கிய காரையே பந்தயத்துக்குக் கொண்டுவந்த காலத்துப் பெயர் அது. 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் இந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் ஃபோர்டு, ஷெவர்லே, டொயோட்டா. உள்ளே இருப்பது முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டிய எஃகுக் கூண்டும், ஆறு லிட்டருக்குச் சற்றே குறைந்த கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினும். நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார். அந்தப் பிரிவில் அவ்வாண்டின் ரசிகர் அபிமான ஓட்டுநராகவும் தேர்வானார். ஆனால் அவருடைய முதல் பந்தயம் நடந்த மார்ட்டின்ஸ்வில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான குட்டித் தளம். இங்கே பேசவிருப்பது அதற்கு நேர் எதிரான ஜாதி. புளோரிடாவில் உள்ள டேட்டோனா, அலபாமாவில் உள்ள டாலடேகா. சூப்பர்ஸ்பீட்வே என்ற சொல்லைக் கேட்டதும் ரசிகர்களின் மனதில் எழுவது இந்த இரண்டும்தான்.

டேட்டோனாவில் முன்பு கடற்கரை மணலிலும் அதை ஒட்டிய சாலையிலும் பந்தயம் நடந்தது. 1959இல் அதற்கென்று தனித் தளம் திறக்கப்பட்டது. சுற்று 2.5 மைல். வளைவுகள் 31 பாகை சரிந்து நிற்கும். அந்தச் சரிவை எழுப்ப மண் வேண்டுமே? தளத்தின் நடுவிலேயே தோண்டினார்கள். தோண்டிய பள்ளம் இன்று லாயிட் ஏரி என்ற பெயரில் நீர் நிரம்பிக் கிடக்கிறது. அவ்வளவு சரிவில் தார் போடும் இயந்திரம் நிற்காது. அதனால் மேட்டின் உச்சியில் புல்டோசரை நிறுத்தி, அதோடு கேபிளில் பிணைத்துத்தான் இயந்திரத்தை ஓட்டினார்கள். பத்து ஆண்டு கழித்துத் திறந்த டாலடேகா இன்னும் பெரியது. சுற்று 2.66 மைல், சரிவு 33 பாகை.

இந்தச் சரிவு எதற்கு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டேட்டோனா வளைவின் ஆரம் ஏறத்தாழ 300 மீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அதில் திரும்ப வேண்டுமானால், புவியீர்ப்பைப் போல 2.3 மடங்கு விசை காரை வளைவின் மையத்தை நோக்கி இழுத்தாக வேண்டும். சமதளச் சாலையில் இந்த வேலை முழுவதையும் டயரின் உராய்வே செய்ய வேண்டும். எந்த ரப்பராலும் அது ஆகாது. சாலையைச் சாய்த்துவிட்டால் கதை மாறுகிறது. சாலையே காரை உள்பக்கமாகத் தள்ளுகிறது. 31 பாகைச் சரிவில், மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் டயருக்குப் பக்கவாட்டில் வேலையே கிடையாது. அந்த வேகத்தில், பனிக்கட்டியால் ஆன சாலையாக இருந்தாலும் கார் வழுக்காமல் திரும்பிவிடும். 300இல் போகும்போதுகூட டயர் ஈடுகட்ட வேண்டிய பங்கு புவியீர்ப்பைப் போல ஒன்றரை மடங்குதான். அதே நேரத்தில் காரைத் தரையோடு அழுத்தும் விசை இரண்டு மடங்காகிவிடுவதால் பிடிமானமும் கூடவே உயர்கிறது.

இரண்டு மடங்கு அழுத்தம் என்றால் டயருக்கும் இரண்டு மடங்கு சுமை. 1969 செப்டம்பரில் டாலடேகாவின் முதல் பந்தயத்துக்கு வந்த கார்களின் டயர்கள் பயிற்சியிலேயே கிழிந்தன. ரிச்சர்ட் பெட்டியின் தலைமையில் முன்னணி ஓட்டுநர்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். பந்தயத்தை நிறுத்தாமல் மற்றவர்களை வைத்து நடத்தினார் பில் பிரான்ஸ். வென்றவர் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ். அவர் வென்ற ஒரே பெரிய பந்தயம் அது. அன்று கிளம்பிப் போனவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பேன்.

நல்ல டயரும் சரிந்த வளைவும் அமைந்துவிட்டால், ஓட்டுநர் வளைவில்கூட ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் காரின் வேகத்துக்கு எல்லை வகுப்பது எது? காற்று. மழைத்துளி மேகத்திலிருந்து இவ்வளவு உயரம் விழுந்தும் நம் தலையை உடைப்பதில்லை அல்லவா? ஒரு கட்டத்தில் அதை இழுக்கும் புவியீர்ப்பும் தடுக்கும் காற்றும் சமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் அதன் வேகம் கூடாது. டாலடேகாவில் ஓடும் காரும் ஒரு மழைத்துளிதான். காற்றின் தடை வேகத்தின் இருமடியில் வளர்கிறது. அதை எதிர்க்கத் தேவையான எஞ்சின் திறன் மும்மடியில் வளர்கிறது. பத்து சதவீதம் கூடுதல் வேகம் வேண்டுமென்றால் முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். மணிக்கு 290 கிலோமீட்டரைத் தாண்டும்போது காற்று இந்தக் காரைப் பின்னுக்குத் தள்ளும் விசை, ஏறத்தாழ 400 கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். இன்றைய எஞ்சின் இங்கே தரும் ஏறத்தாழ 500 குதிரைத்திறனில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே போய்விடுகிறது.

எண்பதுகளில் எஞ்சின்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. 1987 ஏப்ரல் 30 அன்று, அதே பில் எலியட், தகுதிச் சுற்றில் டாலடேகாவை 45 விநாடிக்கும் இம்மியளவு குறைவான நேரத்தில் சுற்றி வந்தார். மணிக்கு 212.809 மைல், அதாவது ஏறத்தாழ 342.5 கிலோமீட்டர். நாஸ்கார் தகுதிச் சுற்றில் அந்த வேகத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

மூன்று நாள் கழித்து, மே 3ஆம் தேதி நடந்த பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளில், பாபி ஆலிசன் என்ற ஓட்டுநரின் காரில் பின் டயர் வெடித்தது. கார் திரும்பிப் பின்புறம் முன்னாகப் போனது. அப்படியே மேலே எழுந்தது. பயணிகள் விமானங்கள் மணிக்கு 250 முதல் 290 கிலோமீட்டர் வேகத்திலேயே தரையைவிட்டு எழுந்துவிடுகின்றன என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆலிசனின் கார் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் இருந்த கம்பிவேலியில் மோதி, அதை நெடுந்தூரத்துக்கு அறுத்துக்கொண்டு, மறுபடி தளத்திலேயே விழுந்தது. சிதறிய துண்டுகளால் பார்வையாளர்கள் பலர் காயப்பட்டார்கள். வேலி மட்டும் முழுதாக விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மகன் டேவி ஆலிசன் தன் அப்பாவின் கார் பறப்பதைக் கண்ணாடியில் பார்த்தார். வேலியைச் செப்பனிட்ட பிறகு பந்தயம் தொடர்ந்தது. வென்றவர் அந்த மகன்தான். அது அவருடைய முதல் வெற்றி.

அடுத்த ஆண்டிலிருந்து டேட்டோனா, டாலடேகா ஆகிய இரண்டு தளங்களிலும் ரெஸ்டிரிக்டர் பிளேட் கட்டாயமானது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பொருத்திய தகடு அது. ஏறத்தாழ ஓர் அங்குல விட்டத்தில் நான்கு துளைகள் அதில் இருந்தன. எஞ்சின் குடிக்கும் காற்று முழுவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விட்டது. மும்மடி விதிப்படி வேகம் அந்த அளவுக்குச் சரியவில்லை. 342ஐத் தொட்ட தளத்தில் அடுத்த ஆண்டு 320ஐ ஒட்டி ஓட்டினார்கள். காரைத் தரையில் வைக்க வேண்டும் என்ற நோக்கம் முற்றிலும் சரியானது. அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தகடு பந்தயத்தின் இயல்பையே மாற்றிவிட்டது.

முன்பு எலியட்டுக்கு வாய்த்தது போன்ற உசத்தியான எஞ்சின் இருந்தால் மற்றவர்களைவிடக் குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைத்தது. தகடு வந்ததும் எல்லார் எஞ்சினுக்கும் ஒரே மூக்கு, ஒரே மூச்சு. வளைவில் யாரும் கால் எடுப்பதில்லை என்பதால் வளைவு எடுக்கும் திறமையிலும் வித்தியாசம் தெரியாது. நாற்பது கார்களும் ஒரே வேகத்தில் முட்டி நிற்கின்றன. கூடுதலாக மிதிக்க எதுவும் மிச்சமில்லை. இந்த நிலையில் ஒருவர் இன்னொருவரை எப்படி முந்துவது? எஞ்சினிடம் கேட்டுக் கிடைக்காததைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

ஓடும் ஆற்றில் ஒரு பெரிய கல் கிடந்தால் அதன் முகத்தில் நீர் மோதி உயரும். முதுகுப் பக்கம் நீர் உடனே கூடிச் சேர முடியாமல் சுழித்துக்கொண்டிருக்கும். காருக்கும் அதே நிலைதான். முன்னால் காற்று நெருக்கப்பட்டு அழுத்தம் கூடுகிறது. பின்னால் காற்று வந்து சேர்வதற்குள் கார் நகர்ந்துவிடுவதால் அங்கே அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உருவாகிறது. முன்னால் இருக்கும் அழுத்தம் காரைத் தள்ளுகிறது, பின்னால் இருக்கும் வெறுமை காரை இழுக்கிறது. இரண்டும் ஒரே திசையில், ஓட்டத்துக்கு எதிராக. நெடுஞ்சாலையில் லாரி கடந்து போனதும் சருகும் தூசியும் அதன் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்திருப்போம். அந்தச் சருகை இழுத்துப் போவது இந்தச் சுழல்தான்.

இப்போது அந்தச் சுழலுக்குள் இரண்டாவது கார் நுழைகிறது. அதன் மூக்கில் மோத வேண்டிய காற்று ஏற்கெனவே முதல் காரோடு சேர்ந்து முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் தடை குறைகிறது. இதுதான் டிராஃப்டிங். இதுவரை பலருக்கும் தெரிந்த சங்கதி. சைக்கிள் பந்தயத்தில் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் பதுங்கி மிதிப்பதும் இதற்காகத்தான்.

பலருக்குத் தெரியாதது, முன்னால் போகிறவருக்கும் இதில் லாபம் உண்டு என்பது. பின்னால் நெருங்கும் காரின் மூக்குக்கு முன்னால் அழுத்தம் மிகுந்த காற்று ஒரு மெத்தை போல இருக்கிறது. அந்த மெத்தை, முன்காரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறுமையை நிரப்புகிறது. வெறுமை குறைந்தால் பின்னிழுப்பும் குறையும். ஆகவே ஒட்டி ஓடும் இரண்டு கார்கள், தனித்தனியாக ஓடுவதைவிட இரண்டுமே வேகமாக ஓடுகின்றன. பின்னால் இருப்பவர் முன்காரைத் தொடாமலேயே காற்றின் வழியாகத் தள்ள முடியும். இப்போதெல்லாம் டாலடேகா தகுதிச் சுற்றில் தனியாக ஓடும் கார் மணிக்கு 293 கிலோமீட்டரை ஒட்டிப் போகிறது. பந்தய நாளில் அதே கார், அதே எஞ்சினோடு, கூட்டத்தின் நடுவில் 300ஐ எளிதாகத் தாண்டிவிடும். கூடுதலாக ஒரு குதிரைத்திறன்கூட யாரும் கொடுக்கவில்லை.

தகடு வருவதற்கு வெகு முன்பே ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். 1960 டேட்டோனா 500 பந்தயத்துக்கு ஜூனியர் ஜான்சன் கொண்டுவந்த ஷெவர்லே, போன்டியாக் கார்களைவிடத் தெளிவாக மெதுவானது. பயிற்சியின்போது ஒரு போன்டியாக்கின் பின்னால் நெருக்கமாக ஒட்டிக்கொண்டபோது, தன் கார் சிரமமில்லாமல் கூடவே போவதைக் கவனித்தார். அது காரின் குணமல்ல, காற்றின் குணம் என்று அவருக்குப் பிடிபட்டது. பந்தய நாளில் வேகமான கார் எது கிடைத்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டார். பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருந்தபோது, முன்னணியில் இருந்த பாபி ஜான்ஸின் போன்டியாக்கில் பின்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அழுத்தம் குறைந்த வெளிக்காற்று அதை உறிஞ்சிவிட்டது. கார் தட்டாமாலை சுற்றியது. ஜான்சன் வென்றார். காற்றுச் சுரங்கமும் கணினியும் பந்தய அணிகளுக்கு எட்டாத காலத்தில், இருக்கையில் உட்கார்ந்தபடி உடம்பால் செய்த ஆராய்ச்சி அது. எனக்கு இந்தக் கதையில் அவருடைய வெற்றியைவிட அந்தப் பயிற்சி நாளின் வியப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் இதை நுணுக்கமான கலையாக வளர்த்தார்கள். பக்கத்தில் ஓடும் காரின் பின்சக்கரத்துக்கு அருகே தன் மூக்கைக் கொண்டுபோய் வைத்தால், மூக்கிலிருந்து சிதறும் காற்று பக்கத்துக் காரின் பின்முனையில் நிற்கும் ஸ்பாய்லர் தகட்டின் மீது மோதி அதைப் பின்னுக்கு இழுக்கும். தான் வேகமாகப் போகாமலேயே மற்றவரை மெதுவாக்கும் வித்தை. முதலிடத்தில் இருப்பவருக்கோ வேறொரு கவலை. அவர் மிக முன்னால் ஓடிவிடக் கூடாது. இடைவெளி விழுந்துவிட்டால் பின்னால் தள்ளும் காற்று மெத்தை போய்விடும். அதோடு, பின்னால் வருபவர்களுக்கு அந்த இடைவெளி ஓடிவந்து பாய இடம் கொடுத்துவிடும். ஆகவே முதலில் போகிறவர் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டு, எதிரியைத் தன் முதுகுக்கே இழுத்துக்கொள்கிறார். மாடத்தின் உச்சியில் நிற்கும் ஸ்பாட்டர், எந்த வரிசை வேகம் பிடிக்கிறது என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைக் கேட்டு முன்னவர் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நகர்ந்து வழியை அடைப்பார்.

டேல் எர்ன்ஹார்ட் காற்றைக் கண்ணால் பார்ப்பவர் என்று ரசிகர்கள் சொல்வார்கள். 2000 அக்டோபரில் டாலடேகா பந்தயம் முடிய ஐந்து சுற்று இருக்கும்போது அவர் 18ஆம் இடத்தில் இருந்தார். அதன் பிறகு நடந்ததைப் பதிவில் பார்த்தாலும் நம்ப முடியாது. ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு, ஒருவர் சுழலிலிருந்து மற்றவர் சுழலுக்கு என்று தாவித் தாவி, முதலிடத்துக்கு வந்து வென்றார். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு கடைசிவரை தள்ளி வந்தவர் கென்னி வாலஸ். தள்ளாமல் இருந்திருந்தால் வாலஸும் முன்னுக்கு வந்திருக்க முடியாது. தள்ளியதால் அவருக்குக் கிடைத்தது இரண்டாமிடம். அது எர்ன்ஹார்ட்டின் 76ஆவது வெற்றி, கடைசி வெற்றியும்கூட. வாலஸ் அந்த முதன்மைத் தொடரில் கடைசிவரை ஒரு பந்தயமும் வெல்லவில்லை.

காற்று சொல்லிக்கொடுத்த பாடத்தை ஓட்டுநர்கள் அதன் எல்லைக்கே கொண்டுபோனது 2011இல். தளங்களுக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அன்றைய கார்களின் முன் பம்பரும் பின் பம்பரும் ஒரே உயரத்தில் பொருந்தின. இரண்டு கார்கள் ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஜோடியாக ஓடினால் பெருங்கூட்டத்தையே விட்டு ஓடிவிடலாம் என்று தெரிந்துவிட்டது. நாற்பது காரின் கூட்டம் இருபது ஜோடியாகப் பிரிந்தது. ஒரே ஒரு தொல்லை இருந்தது. பின்னால் தள்ளுகிறவரின் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது, எஞ்சின் கொதிக்கும். ஆகவே சில சுற்றுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் டாலடேகாவில் முதலிடம் 88 முறை கைமாறியது. ஜிம்மி ஜான்சன் 0.002 விநாடியில் வென்றார். பின்னால் இருந்து அவரைத் தள்ளியவர் டேல் எர்ன்ஹார்ட்டின் மகன். பிறகு நாஸ்கார் குளிரூட்டும் அமைப்புக்கான விதிகளை இறுக்கியது. ரேடியேட்டர் சீக்கிரம் கொதிக்கும்படி செய்தாலே ஜோடி பிரிந்துவிடும். காற்றால் சேர்ந்தவர்களைச் சூட்டால் பிரித்தார்கள்.

இனி இந்த நெருக்கத்தின் விலையைப் பேச வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 83 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் அசைய எவ்வளவு விரைவானவருக்கும் கால் விநாடியாவது ஆகும். அதற்குள் கார் இருபது மீட்டர் போய்விடும். நான்கு கார் நீளம். ஆனால் கூட்டத்தில் முன்காருக்கும் தன் காருக்கும் உள்ள இடைவெளி சில சமயம் ஒரு முழம்கூட இல்லை. ஆகவே ஒரு கார் சுழன்றால் அதன் பின்னால் இருப்பவருக்குத் தப்பிக்க இயற்பியலில் இடமே இல்லை. அவர் பிழை செய்திருக்க வேண்டியதில்லை. பின்னால் இருந்து தள்ளும் பம்பர் சற்றே கோணலாகப் பட்டால் போதும். முட்டக்கூட வேண்டாம், நெருங்கிய கார் முன்காரின் ஸ்பாய்லரில் படும் காற்றைத் திருடிவிட்டாலே அதன் பின்சக்கரங்கள் பிடி தளர்ந்துவிடும். இந்தப் பெருவிபத்துக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'தி பிக் ஒன்'. 2024 அக்டோபரில் டாலடேகாவில் ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது அப்படி ஒன்று நடந்தது. 28 கார்கள் சிக்கின. நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அதுவரை பதிவானவற்றில் அதுவே ஆகப் பெரியது.

கார் பறப்பதைத் தடுக்கக் கொண்டுவந்த தகடுதான் கார்களைக் கூட்டமாக்கியது. கூட்டம்தான் இந்த விபத்துகளைப் பெருக்கியது. இந்த முடிச்சை நாஸ்கார் இன்னும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கவே முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விபத்தில் சிக்கியவரை உயிரோடு மீட்பதில் நடந்திருக்கும் முன்னேற்றம் மலைக்க வைக்கிறது.

முதலில் பறத்தல். முன்னோக்கிப் போகும்போது தரையோடு அழுந்தும் வகையில் செதுக்கிய கார், பின்னோக்கித் திரும்பினால் விமான இறக்கையைப் போல நடந்துகொள்கிறது. வளைந்த கூரையின் மேல் காற்று விரைந்து ஓடி அழுத்தம் குறைய, கார் மேலே எழுகிறது. 1994இல் கூரையில் இரண்டு சிறிய மடிப்புத் தகடுகளைப் பொருத்தினார்கள். மோட்டார் இல்லை, உணரி இல்லை, ஓட்டுநர் அழுத்தப் பொத்தானும் இல்லை. வெறும் கீல். கார் திரும்பியதும், அதைத் தூக்க முயலும் அதே குறைந்த அழுத்தம் தகடுகளையும் மேலே இழுக்கிறது. அவை எழுந்து நின்று கூரைமேல் ஓடும் காற்றைக் கலைத்துவிடுகின்றன. தூக்குவிசை செத்துவிடுகிறது. நோயே மருந்தைத் திறந்துவிடும் ஏற்பாடு. பொறியியலில் இதைவிட அழகான எளிமையை நான் அதிகம் கண்டதில்லை. அதிலும் தப்பிப் பறந்த கார்கள் உண்டு, ஆனாலும் தரையிலேயே நின்றுவிட்டவை ஏராளம்.

அடுத்தது சுவர். 2001 பிப்ரவரி 18, டேட்டோனா 500. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் மூன்றாமிடத்தில் இருந்த டேல் எர்ன்ஹார்ட்டின் கார் கான்கிரீட் சுவரில் மோதியது. உருளவில்லை, தீப்பிடிக்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குச் சாதாரண மோதலாகத்தான் தெரிந்தது. அவர் இறந்துபோனார். காரணம் கபாலத்தின் அடிப்பகுதி முறிவு. உடம்பைப் பட்டைகள் கட்டிப் பிடித்திருக்கின்றன, தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ இருக்கும். மோதலின் அந்த நொடித்துளியில் புவியீர்ப்பைப் போல ஐம்பது மடங்கு விசை வந்தால் முந்நூறு கிலோவுக்கு மேல் கழுத்தை முன்னால் பிய்த்து இழுக்கும். முந்தைய ஆண்டில் மட்டும் நாஸ்கார் ஓட்டுநர்கள் மூன்று பேர் சுவரில் மோதி இறந்திருந்தார்கள்.

தலையைப் பிடிக்கும் கருவி அப்போதே இருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர்இயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் உருவாக்கிய ஹான்ஸ் என்ற தோள்பட்டைக் கவசம் அது. தோளில் அமர்ந்து, இரண்டு வார்களால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும். தலையும் உடம்போடு சேர்ந்தே நிற்கும். அசௌகரியம் என்று பலரும் அதைத் தள்ளிவைத்திருந்தார்கள். 2001 அக்டோபரில் தலைக்கட்டுக் கருவி கட்டாயமானது. மறு ஆண்டு, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் குழுவினர் வடிவமைத்த சேஃபர் சுவர் முதன்முதலாக இண்டியானாபோலிஸ் தளத்தில் நின்றது. கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாய்கள், நடுவில் நுரைக்கட்டிகள். மோதும் காருக்கு நிற்பதற்கு இன்னும் சில மில்லி விநாடிகளை அது கொடுக்கிறது. உயிருக்கும் சாவுக்கும் நடுவே உள்ள நேரம் அவ்வளவுதான். 2001க்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடர்ப் பந்தயங்களில் ஓர் ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை.

2020 டேட்டோனா 500இன் கடைசி நேரான பாதையில் முதலிடத்தில் இருந்த ரயன் நியூமனின் காரை, பின்னால் தள்ளி வந்த கார் தற்செயலாகத் திருப்பிவிட்டது. நியூமனின் கார் சுவரில் மோதிக் கவிழ்ந்து அந்தரத்தில் இருக்கும்போதே, இன்னொரு கார் ஓட்டுநர் பக்கமாக வந்து இடித்தது. பார்த்தவர்கள் யாரும் அவர் பிழைப்பார் என்று நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, தன் இரு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்தே வெளியே வந்தார். அவர் காரின் கூண்டில், முன்கண்ணாடிக்கு மேலே கூடுதலாக ஒரு கம்பி இருந்தது. அவருடைய பழைய விபத்துகளுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட அந்தக் கம்பிக்கு 'நியூமன் கம்பி' என்றே பெயர்.

பழைய தகடு 2019இல் விடைபெற்றது. அதன் இடத்தில் கூம்பு வடிவத் துளைகள் கொண்ட கட்டை ஒன்று வந்திருக்கிறது. வேலை அதேதான், எஞ்சினின் மூச்சை அடைப்பது. 2022இல் வந்த புதிய வகைக் காரில் பந்தயம் இன்னொரு வினோதத் திருப்பம் எடுத்திருக்கிறது. பிட்டில் நிற்கும் நேரத்தை நிர்ணயிப்பது பெட்ரோல் நிரப்பும் நேரம். குறைவாகச் செலவழித்தவர் குறைவாக நிரப்பிக்கொண்டு முதலில் வெளியே வருவார். அதனால் பந்தயத்தின் நடுப்பகுதியில் மொத்தக் கூட்டமும் இரண்டு மூன்று வரிசையாகச் சேர்ந்துகொண்டு, ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்தபடி ஓடுகிறது. வரிசையை விட்டு வெளியே வந்து முந்த நினைப்பவர் தனியாகக் காற்றில் மோதிப் பின்னுக்குப் போய்விடுவார். அதனால் யாரும் வெளியே வருவதில்லை. வேகத்துக்கென்றே கட்டிய தளத்தில் நாற்பது பேர் வேகத்தைச் சேமித்துவைக்கிறார்கள். ரசிகர்கள் பலர் இதனால் கோபப்படுகிறார்கள். எனக்கும் வருத்தம்தான்.

கடைசிப் பத்துச் சுற்றில் சேமிப்பு முடிந்துவிடும். எல்லாக் கால்களும் பலகையைத் தொடும், இரண்டு வரிசைகளும் மூக்கோடு வால் ஒட்டி இறுகும். கடைசிச் சுற்றின் பின்பக்க நேர்பாதையில் இரண்டாமிடத்தில் இருப்பவருக்கு முன்காரின் சுழல் வேகம் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியே விலகி முந்த அது போதும், ஒரு நொடிக்கு. அதன் பிறகு காற்று அவரைத் தனியாளாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாமிடத்தில் இருப்பவர் அவரோடு விலகி வந்து தள்ளுவாரா, அல்லது முதல்காரின் வாலையே பிடித்துக்கொள்வாரா? கண்ணாடியில் அவருடைய காரின் முகம் மட்டும்தான் தெரியும்.